ஊகக் கப்பலில் இன்னொரு கை

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே அவள் அந்த அறையை எட்டிப் பார்த்தாள். கப்பல் மறுபடியும் வளர்ந்திருந்தது.

நேற்றுவரை வெறும் எலும்புக்கூடாக நீட்டிக்கொண்டிருந்த பின்பகுதியில் இன்று சாம்பல் நிறத் தகடு போர்த்தியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் உள்ளங்கை அகலம்தான். அவள் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. கண்காட்சிக்கு அழைத்துவரப்பட்ட பள்ளிப் பிள்ளையைப் போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ரொட்டித் துண்டுகளைச் சுட்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.

"பசி வந்துடுச்சு போல," என்றார் மாமனார், பின்கதவின் பக்கத்திலிருந்து. "கதவு இன்னைக்கும் திறந்தே கிடக்கு. திருடன் வந்தா அவனுக்கும் ரொட்டி சுட்டுக் குடுப்பியா?"

"மறந்துட்டேன் மாமா."

"தினமும் ஒரே விஷயத்தை மறக்குறதுக்குத் தனி ஞாபகசக்தி வேணும்."

அந்தக் கதவின் தாழ்ப்பாளை அவள் வேண்டுமென்றேதான் விலக்கி வைக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும். யாருக்காக என்பதும் தெரியும்.

வேலைக்குப் போன மனிதன் வீடு திரும்பாத வீடு அது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் உயரமான கட்டடம் ஒன்றில் பழுது பார்க்கப் போனான். கேமராவில் அவன் மேலே போகும் படம் இருக்கிறது. இறங்கி வரும் படம் இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருந்த இயந்திர அறையில் அவனுடைய பை இருந்தது, பைக்குள் கைபேசி இருந்தது. ஆள் இல்லை. போலீஸ் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தேடிவிட்டுப் போனது. அவன் ஓடிப்போய்விட்டான் என்று அவனுடைய அப்பா சொன்னார். மனைவி கதவைத் திறந்து வைத்தாள்.

அவன் விட்டுப்போனவற்றில் பெரியது, அறையின் நடுவில் பலகைமேல் கிடந்த அந்தக் கப்பல். பிளாஸ்டிக் கட்டைகளை, ஒன்றின் தலைக் குமிழில் இன்னொன்றை அழுத்தி, அவன் கட்டி வந்த பொம்மை விண்கலம். பழைய விண்வெளித் தொடர் ஒன்றில் வந்த தாய்க்கப்பலைப் பெரியவர்களுக்கான கட்டைப் பெட்டியாக, அந்தக் கட்டைகளைத் தயாரிக்கும் நிறுவனம் கொண்டுவரப்போகிறது என்ற வதந்தி கிளம்பியதுமே இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. எந்தக் கிடங்கிலோ யாரோ எடுத்த, மங்கலான ஒரு பெட்டி மூலையின் படம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இவனும், இவனைப் போலவே கட்டைப் பித்துப் பிடித்த கூட்டமும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். எஞ்சின் நாலா, ஆறா? வயிற்றுப் பக்கம் திறக்குமா, திறக்காதா? கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு ஆராய்ச்சி நடக்காது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நிறுவனம் அசல் கப்பலின் படத்தை வெளியிடுவதற்கு முன்னால் அவரவர் கையில் இருக்கும் கட்டைகளை வைத்து, கப்பல் எப்படி இருக்கும் என்று ஊகித்துக் கட்ட வேண்டும். ஊகக் கப்பல் என்று அதற்குப் பெயர். படம் வெளியாகும் நாளில் எல்லோரும் அதைத் தாங்கள் வழக்கமாகக் கூடும், கட்டைகள் விற்கும் கடைக்குக் கொண்டுவருவார்கள். அசலுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதைக் கட்டியவருக்குத்தான் முதல் பெட்டியின் முத்திரையைப் பிரிக்கும் உரிமை. வேறு யார் கையாவது பட்டிருந்தால் அந்தக் கப்பல் போட்டியில் சேராது. அதனால்தான் அவள் வாசலைத் தாண்டுவதில்லை. அவன் வந்து கேட்டால் "தொடவே இல்லை" என்று சொல்ல வேண்டும்.

"படம் வர்ற அன்னைக்கு நான் செத்திருந்தாக்கூட கடைக்கு வந்துடுவேன்," என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த நாள் இன்றுதான்.

நாத்தனார் மாடியிலிருந்து சீருடையோடு இறங்கி வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குரலிலும் எப்போதும் ஒரு ஹாரன் இருக்கும்.

"அண்ணி, சாயங்காலம் என் பஸ்லயே வந்துடுங்க. கடை வாசல்லயே இறக்கி விடுறேன். அதுதான் என் கடைசி டிரிப், வண்டிய விட்டுட்டு நானும் வந்துடுறேன்." பையைத் தோளில் மாட்டினாள். "கேப்டன் போன் பண்ணாரு."

கேப்டன் என்பது கடைக்காரரின் பட்டப்பெயர். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் கணவனுக்கு நங்கூரம் என்று பெயர். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதால்.

"என்ன சொன்னாரு?"

"இன்னைக்குப் பேர் கூப்பிடுவாங்களாம். பெட்டிக்குக் காத்திருக்கிற ஆளுங்க பேரை. ஆள் இருந்தா 'இருக்கேன்'னு சொல்லணும். ஊருக்குப் போயிருந்தா வீட்டாளுங்க 'இருக்கார்'னு சொல்லலாம். யாரும் பதில் சொல்லலைன்னா பேரை எடுத்துடுவாங்க. அண்ணன் பேரு முதல்ல வருது." அவள் காலணியின் நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டாள். முகத்தைக் காட்டாமல் பேச அது வசதி. "'இல்லை'ன்னு சொல்லிடுங்க அண்ணி. ஒரு தடவை, வாய் திறந்து. அதுக்கப்புறம் நீங்க நிம்மதியா தூங்கலாம்."

"நீ சொல்லேன்."

"நான் யாரு? தங்கச்சி. நீங்க சொன்னாத்தான் அது சொன்ன மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே கப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது, இவள் இல்லையென்று சொல்லச் சொல்கிறாள். அவன் வருகிறான். எல்லோரும் கண்ணசரும் நேரத்தில் வந்து, கொஞ்சம் கட்டிவிட்டுப் போகிறான். ஏன் முகம் காட்டவில்லை என்பதுதான் புரியவில்லை. ஆனால் இன்று கடைக்கு வருவான். அங்கே பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அன்று முழுக்க பல் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. பீங்கான் பற்களுக்கு நிறம் சேர்ப்பது அவள் தொழில். யாரோ ஒருவருடைய முன்பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பல்லு உன்னைக் கடிச்சிடப் போகுது," என்றாள் அடுத்த மேஜைக்காரி.

*

மாலையில் அவளும் மாமனாரும் பலகையோடு கப்பலைத் தூக்கி, மூடி வெட்டிய அட்டைப்பெட்டிக்குள் இறக்கினார்கள். அவள் பலகையை மட்டும் பிடித்தாள். கப்பலில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"நானும் வரேன்," என்றார் அவர் திடீரென்று.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மகன் இருந்தவரை அந்தக் கடையை அவர் பொம்மைக்கடை என்றுதான் சொல்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அசல் கப்பல்களின் வயிற்றுக்குள்ளிருந்து சரக்கைத் தூக்கியவர். "முப்பது வயசுல பொம்மைக் கப்பல்!" என்று அவர் சொல்ல, மகன் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அப்படித்தான் அந்த வீட்டில் பல மாலைகள் முடிந்திருக்கின்றன.

"கண் ஆஸ்பத்திரியில மருந்து விட்டாங்களே மாமா, கூசலையா?"

"அது மத்தியானமே போயிடுச்சு. தூக்கு."

பேருந்தின் முன் இருக்கையில் கப்பல் உட்கார்ந்தது. மாமனார் அதைக் குழந்தையைப் போல ஒரு கையால் அணைத்துக்கொண்டார்.

"கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார் ஒரு பயணி.

"அது ஸ்டாஃப்," என்றாள் நாத்தனார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. நீள மேஜையில் வரிசையாக ஊகக் கப்பல்கள். ஒன்று திமிங்கிலம் மாதிரி, ஒன்று இஸ்திரிப் பெட்டி மாதிரி. ஒரே வதந்தியைக் கேட்டவர்கள் கட்டியவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சுவரில் பெரிய திரை, அதில் நிறுவனத்தின் பக்கம் திறந்து காத்திருந்தது.

கேப்டன் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்கக்கா. வாங்கய்யா. நங்கூரத்தோட இடம் காலியாத்தான் வச்சிருக்கோம்." பலகையை மேஜையின் தலைப்பில் வைத்தார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு சங்கடப்பட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

கடைக் கதவில் ஒரு மணி கட்டியிருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் அவள் திரும்பினாள். ஒரு தம்பதி. கூரியர்க்காரர். குடையை மறந்து போனவர். வண்டியை விட்டுவிட்டு வந்த நாத்தனார்.

கடையின் வெள்ளை விளக்குகள் பல் ஆய்வகத்து விளக்குகளைப் போலவே கருணை இல்லாதவை. கதவைப் பார்த்துக் களைத்து, அவள் கப்பலைப் பார்த்தாள். வீட்டில் வாசலில் நின்றே பார்த்துப் பழகிய கப்பலை, அவன் போன பிறகு முதல்முறையாக மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தாள்.

ஒவ்வொரு கட்டையின் குமிழ்த் தலையிலும் தயாரித்த நிறுவனத்தின் பெயர் கடுகளவு எழுத்தில் புடைத்திருக்கும். அவள் கணவன் அந்த எழுத்துகளையெல்லாம் கப்பலின் மூக்கைப் பார்த்தபடி ஒரே திசையில் திருப்பித்தான் வைப்பான். மேலே இன்னொரு கட்டை வந்து மறைத்துவிடும் என்றாலும் அப்படித்தான். "உள்ள போய் மறையுற எழுத்தை யாரு படிக்கப் போறா?" என்று அவள் கேட்டபோது, "கப்பலுக்குத் தெரியும்" என்றான். "வெளிய சொல்லிடாதே. கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க." அவள் சொன்னதில்லை. நாத்தனாரிடம்கூட.

முன்பகுதியில் எழுத்துகள் எல்லாம் மூக்கைப் பார்த்தன. அணிவகுப்பு மாதிரி.

நடுவுக்குப் பிறகு அணி கலைந்திருந்தது. ஒன்று இடப்பக்கம் பார்த்தது, ஒன்று தலைகீழாக நின்றது. பேருந்து வராத நிறுத்தத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும் கூட்டத்தைப் போல. புதிதாக வளர்ந்த இடங்கள் அத்தனையும் அப்படித்தான் இருந்தன. அவள் ஒவ்வொரு காலையும் பார்த்துவிட்டுச் சாப்பிட்ட இடங்கள்.



அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"நீங்களா மாமா?"

"பின்ன, பேயா?" என்றார் அவர். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் கூட்டும்போது துடைப்பம் பட்டு ஒரு துண்டு விழுந்துடுச்சும்மா. விழுந்ததை எங்கேயோ ஒட்ட வச்சேன். காலையில நீ வந்து பார்த்த. அன்னைக்குத்தான் சாப்பிட்ட. எத்தனை நாள் கழிச்சு! அடுத்த நாள் நான் வைக்கல, நீயும் சாப்பிடல. வேற என்ன பண்ணச் சொல்ற?"

நாத்தனார் இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "அப்பா, கொடுமை இது."

"தெரியும்."

"அவங்க என்ன நினைச்சிருப்பாங்க..."

"தெரியும்னு சொன்னேனே!"

சத்தம் கேட்டு வழக்கறிஞர் பக்கத்தில் வந்தார். அவர் உண்மையில் ரொட்டிக்கடைக்காரர். சட்டம் பேசியே அந்தப் பெயரை வாங்கியவர். "ஏதாவது பிரச்சினையா? வேற கை பட்டிருந்தா விதிப்படி..."

"இது போட்டியில இல்லை," என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தள்ளி நில்லுங்க."

ரொட்டிக்கடைக்காரர் தள்ளி நின்றார்.

அப்போது திரை ஒளிர்ந்தது.

கப்பல் மெதுவாகச் சுழன்றபடி வந்தது. நீளமாக, கனமாக, வயிற்றில் ஒரு திறப்போடு. எஞ்சின் நாலுமில்லை, ஆறுமில்லை, ஐந்து. கடை முழுவதும் ஒரே கூச்சல். "அஞ்சா! எவன்டா அஞ்சு வைப்பான்?" ஒருவர் மற்றவர் முதுகில் அறைந்தார். இஸ்திரிப் பெட்டியைக் கட்டியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் திமிங்கிலம் வென்றது. அதைக் கட்டிய பெண் மேஜைமேல் ஏறிவிடுவாள் போலிருந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. கதவின் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

பிறகு உடைக்கும் நேரம் வந்தது. படம் வந்தபின் ஊகம் நிற்கக் கூடாது என்பது வழக்கம். சிரித்துக்கொண்டே அவரவர் கப்பலை அவரவர் உடைத்தார்கள். கட்டைகள் தட்டுகளில் கொட்டும் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தது. சாம்பல் தோலுக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இருந்த உட்பகுதிகள் வெளியே வந்தன. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது.

கேப்டன் மெல்ல வந்தார். "அக்கா, நங்கூரத்தோடதை நாங்க யாரும் தொட மாட்டோம். உங்க இஷ்டம்."

"மாமா வச்சதை மட்டும் எடுத்துடுறேன்," என்றாள். "அவர் விட்டுட்டுப் போன அளவு எதுவோ, அது மட்டும் இருக்கட்டும்."

கேப்டன் கட்டை பிரிக்கும் சின்ன நெம்புகோலை நீட்டினார். அவள் வாங்குவதற்குள் மாமனார் வாங்கிக்கொண்டார். "என்னுது எதுன்னு எனக்குத்தான் தெரியும்."

கிரேன்காரரின் விரல்கள் தடித்தவை. ஆனால் நெம்புகோல் அவருக்குப் புதிதில்லை. "இது என்னுது," என்று ஒன்றை எடுத்தார். "இதுவும் என்னுது. இது போன வாரம்." அவள் ஒவ்வொன்றையும் தட்டில் வாங்கினாள். பின்பாதியின் இடப்பக்கம் முழுக்கக் கழன்றது. கப்பல் இளைத்துக்கொண்டே வந்தது. அவன் விட்டுப்போனது இவ்வளவு கொஞ்சம்தானா? இத்தனை நாள் அவள் பார்த்துப் பசியாறியது ஒரு கிழவரின் பரிதவிப்பை.

அறையின் மறுகோடியில் கேப்டன் ஒரு நாற்காலிமேல் ஏறினார். "சரி, சரி, பேர் கூப்பிடப் போறேன்! சத்தம் வேண்டாம்!"

நாத்தனார் அண்ணியின் தோளில் கை வைத்தாள். "அண்ணி. இப்போ சொல்லிடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவள் தலையசைத்தாள். சொல்லிவிடலாம். சொல்வதற்கு இனி ஒன்றும் தடையில்லை.

மாமனார் பின்பகுதிக்கு வந்திருந்தார். இன்று காலை புதிதாக முளைத்திருந்த உள்ளங்கை அகலத் தகடு. நெம்புகோலை அதன் விளிம்பில் செருகப் போனவர் கையை நிறுத்தினார்.

"என்ன மாமா?"

"இது என்னுதில்லை."

"இந்தத் தகடா?"

"தகடு என்னுதுதான். விடியக்காலை வச்சேன். அதுக்கு மேல இருக்கு பாரு, இந்தப் பொடிசு."

தகட்டின் ஓரத்தில், ஒற்றைக் குமிழ் உள்ள சின்னஞ்சிறு கட்டைகள் ஒரு வரிசையாகப் பதிந்திருந்தன. சாம்பல்மேல் சாம்பல், காலையில் வாசலில் நின்று பார்த்தபோது இவை இருந்தனவா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இதையெல்லாம் என் விரலால பிடிக்கவே முடியாதும்மா. முயற்சி பண்ணியிருக்கேன். உருண்டு ஓடிடும்." அவர் மகளைப் பார்த்தார். "குட்டி, நீ ஏதாவது..."

"நானா? நான் அந்த ரூம்குள்ள போயே எத்தனை நாளாச்சு. காலையில போன பஸ்ஸு, இப்போதான் இறங்கினேன்."

"நீங்க வீட்லதானே இருந்தீங்க மாமா?"

"கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேனே. நீ கிளம்பினதும் கிளம்பிட்டேன், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் திரும்பினேன்."

கட்டைகளின் கணக்கு எளிமையானது. கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. அதில் பொய்யோ, ஊகமோ, மனப்பிரமையோ நுழைய இடமில்லை. மாமனார் விடியற்காலையில் வைத்த தகட்டின் மேல், யாருமில்லாத வீட்டில், பகலில், யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து இந்த வரிசையை வைத்திருக்கிறார்.

அவள் கைப்பையிலிருந்து வேலைக்கான பூதக்கண்ணாடியை எடுத்தாள். குனிந்தாள். மூச்சு கண்ணாடியில் படியாமல் அடக்கிக்கொண்டாள். முதல் குமிழின் எழுத்து மூக்கைப் பார்த்தது. ஒன்று என்றால் தற்செயல். அடுத்ததும் மூக்கைப் பார்த்தது. அதற்கடுத்ததும். வரிசை முழுவதும், ஒன்றுகூடப் பிசகாமல், நல்ல பல்வரிசையைப் போல, ஒரே திசை.

"நங்கூரம்!" என்று கூப்பிட்டார் கேப்டன்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. நாத்தனாரின் விரல்கள் அவள் தோளை அழுத்தின. மாமனார் நெம்புகோலை மேஜைமேல் வைத்தார். சத்தம் வந்துவிடக் கூடாது என்பது போல, மிக மெதுவாக.

"நங்கூரம்?" என்றார் கேப்டன் மறுபடியும், இரக்கத்தோடு.

அவள் கண்ணாடியை மடித்தாள். கதவின் பக்கம் பார்க்கவில்லை.

"இருக்கார்," என்றாள்.